ஆடு திங்காத செடிக்குக் கட்டம் இல்ல

ஊருக்குள்ள இருக்கிற புல்லு பூண்டு, மரம் மட்டை, பூச்சி புழு, மீனு தவளை, ஆடு மாடு, பாம்பு பறவை அம்புட்டையும் பேரு கேட்டு நோட்டுல எழுதுறதுதான் என் பொழப்பு. அந்த நோட்டுக்குப் பேரு பல்லுயிர்ப் பதிவேடு. ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் ஒன்னு இருக்கணும்னு சட்டம். சட்டம் போட்டவங்க ஏசி ரூம்ல இருக்காங்க, உசிலம்பட்டி வெயில்ல ஸ்கூட்டி ஓட்டுறது நான். தாவரவியல் படிச்சா காடு மலையெல்லாம் சுத்தலாம்னு காலேஜ்ல ஆசை காட்டினாங்க. நான் சுத்துறது டீக்கடைக்கு டீக்கடை.

மக்கள்தொகை எடுக்கப் போனவங்க, வாக்காளர் பட்டியல் சரிபார்க்கப் போனவங்க, கொசுப்புழு இருக்கான்னு அடுத்தவங்க தண்ணித் தொட்டியை எட்டிப் பார்த்தவங்க, எல்லாரும் என் சொந்தக்காரங்க. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. "எதுக்கு எழுதுறீங்க, எங்களுக்கு என்ன தருவாங்க" அப்படிங்கிற ரெண்டு கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே நம்ம தொண்டை வத்திருக்கும்.

நான் சொல்லப் போறது எழுமலை போற வழியில இருக்கிற மேலக்கரட்டுப்பட்டியில நடந்த கூத்து. ஊருக்கு மேற்கே ஒரு கண்மாய், அதை ஒட்டி ஒரு கரடு. பாறையும் முள்ளும் புதருமா கெடக்குற சின்னக் குன்று. அதை ஜேசிபி விட்டு வழிச்சு எடுத்துட்டு ஒரு தோட்டம் போடணும்னு பஞ்சாயத்துத் தலைவர் முடிவு பண்ணியிருந்தாரு. அதுக்குள்ள கரட்டுல என்னென்ன இருக்குன்னு நான் எழுதி முடிச்சு, கிராம சபையில கையெழுத்து வாங்கிட்டா, அதுல கை வைக்கிறதுக்கு முன்னாடி நாலு பேரு நாலு கேள்வி கேப்பாங்க. முடிக்கலைன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. இம்புட்டுதான் விஷயம்.

கண்மாயில சுறா

முதல் நாள் பஞ்சாயத்து ஆபீசுக்குள்ள கால் வச்சதுமே கிளர்க் முத்துக்குமார் பைண்டிங் பண்ணின ஒரு நோட்டை எடுத்து மேசையில வச்சாரு. "பதிவேடு ரெடி மேடம். நீங்க சிரமப்பட வேணாம். கையெழுத்துப் போட்டுட்டு, ஒரு கலர் சோடா குடிச்சுட்டுக் கெளம்புங்க"ன்னாரு. இந்த வேலைக்கு வந்த நாள்லேர்ந்து எனக்காக ஒருத்தர் வேலையை முடிச்சு வச்சிருந்தது அதுதான் முதல் தடவை. மனசு நெகிழ்ந்து போச்சு. திறந்து பார்க்குற வரைக்கும்.

முதல் பக்கத்துல அலையாத்தி மரம். ரெண்டாவது பக்கத்துல கடல் அட்டை. அடுத்து நண்டுல ஒம்போது வகை, அதுக்கும் அடுத்து சுறா. விசாரிச்சா, அவரு மச்சினன் கடலோரத்துல ஒரு பஞ்சாயத்துல கிளர்க்காம். அவங்க ஊர்ப் பதிவேட்டை நல்லா இருக்குன்னு மேலிடத்துல பாராட்டினாங்களாம். நல்லா இருக்கிறதை அப்படியே வாங்கி, அட்டையில மட்டும் ஊர்ப் பேரை மாத்தி வச்சிருக்காரு. உள்ள ஏழெட்டு இடத்துல அந்த ஊர்ப் பேரு அப்படியே முழிச்சுக்கிட்டு இருக்கு.

"சார், உங்க கண்மாயில சுறா இருக்கா?"ன்னு கேட்டேன். கண்மாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாரு. ரெண்டு மாசம் தண்ணி, பத்து மாசம் கிரிக்கெட் கிரவுண்டுன்னு இருக்கிற கண்மாய் அது. அன்னைக்கு அங்க ஸ்டம்பு நட்டிருந்தாங்க. கொஞ்சமும் அசராம எனக்குப் பதில் சொன்னாரு: "மழை பேஞ்சு நெறையட்டும் மேடம். என்னென்ன வருதுன்னு யாரு கண்டா?"

திங்கும், திங்காது

ஆபீசை நம்பினா ஆகாதுன்னு மறுநாள் நேரா கரட்டுக்கே போயிட்டேன். அங்கிட்டு செல்லத்தாயி அக்கா ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. நாப்பது வயசு இருக்கும். தலையில துண்டு, கையில தொரட்டிக் கம்பு, வாயில எந்த நேரமும் ஏதாவது ஒரு ஆட்டுக்கான வசவு. நோட்டும் பேனாவும் வச்சிருக்கிறவ டீச்சராத்தான் இருப்பான்னு என்னை டீச்சராக்கிட்டாங்க. நானும் மறுத்துப் பார்த்துட்டு விட்டுட்டேன்.

"இது என்ன செடிக்கா?" "ஆடு திங்கும்." "இது?" "திங்கும்." "அந்தா, அது?" "திங்காது." வெடத்தலை, குடைவேலு, சங்கஞ்செடி எல்லாம் திங்கும். எருக்கு, ஆடாதோடை, ஊமத்தை எல்லாம் திங்காது. உலகத்துல உள்ள செடிகொடி பூராத்தையும் ரெண்டே வகையாப் பிரிச்சு வச்சிருக்காங்க. என் படிவத்துல உள்ளூர்ப் பேரு, அறிவியல் பேரு, எங்க கிடைக்கும், பயன்பாடுன்னு நாலு கட்டம் இருக்கு. பயன்பாடுங்கிற கட்டத்துல "ஆட்டுத் தீவனம்"னு எழுதிடலாம். ஆடு திங்காதுங்கிறதை நான் எங்க எழுத?

வேலி மேல செகப்பும் மஞ்சளுமா, நெருப்புப் பத்தின மாதிரி ஒரு கொடி பூத்திருந்துச்சு. செங்காந்தள். நம்ம மாநிலப் பூ. மண்ணுக்குள்ள கெழங்கு வைக்கும், ஊருல கண்வலிக்கெழங்குன்னு சொல்லுவாங்க. அதைக் காட்டினதும் அக்கா முகம் மாறிடுச்சு. "அது திங்கவே திங்காது. ஒரு குட்டி தெரியாம அதைக் கடிச்சுட்டு ராத்திரிக்குள்ள செத்துப் போச்சு. அதுலேர்ந்து ஒரு ஆடும் கிட்டக்கப் போகாது. இதை மொதல்ல எழுதிக்க டீச்சரு"ன்னாங்க.

படிவத்தைக் காட்டி, இதுல பயன் எழுதத்தான் இடம் இருக்கு, திங்காது, ஆகாதுன்னு எழுதக் கட்டம் இல்லக்கான்னு பொறுமையா விளக்கினேன். அக்கா படிவத்தைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. கரட்டை வழிக்கப் போறது அவங்களுக்கும் தெரியும். வழிச்சுட்டா ஆட்டை வித்துட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குத்தான் போகணும், இந்த வயசுல யாரு சேர்ப்பாங்களோண்டு ஏற்கெனவே சொல்லியிருந்தாங்க. அப்படிப்பட்ட ஆளு என்கிட்ட நிதானமாச் சொன்னது: "கட்டம் இல்லண்டா ஒரு கோடு போட்டுக்க வேண்டியதுதான டீச்சரு. பேனா உன் கையிலதான இருக்கு."

கழுகு போன கதை

"முன்பு இருந்து இப்போது இல்லாத உயிரினங்கள்"னு படிவத்துல ஒரு பக்கம் உண்டு. அதை நிரப்பத்தான் டீக்கடை. கடைக்காரர் மாயன் அண்ணன் கையில ஒரு கட்டு. நாய் கடிச்சுருச்சாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடையா நடந்து ஊசி போட்டுக்கிட்டு இருந்தாரு.

"அண்ணே, இங்க முன்னாடி இருந்து இப்ப இல்லாதது என்ன?"ன்னு கேட்டேன். "பிணந்தின்னிக் கழுகு. மாடு செத்தா கண்மாய்க்கு அங்கிட்டு இழுத்துப் போடுவோம். எங்கிருந்துதான் வருமோ, ஒரு பொழுதுல எலும்பு மட்டும்தான் கெடக்கும். இப்ப ஒன்னையும் காணோம். நாய்தான் மொய்க்குது"ன்னாரு. வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து இப்படி ஒரு பதிலுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்.

உக்காந்து விளக்கினேன். மாட்டுக்கு வலின்னு போட்ட ஒரு ஊசி மருந்து செத்த மாட்டு உடம்புல தங்கிருச்சு, அதைத் தின்ன கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டு நாடு பூரா கூட்டம் கூட்டமாச் செத்துச்சு, இப்ப அந்த மருந்தை மாட்டுக்குப் போடக் கூடாதுன்னு தடை இருக்கு. கழுகு இல்லாததால மிச்சம் கெடக்குற கறிக்கு நாய் சேர்ந்துச்சு, நாய் பெருகினதால கடி பெருகிச்சு. "உங்க கையில இருக்கிற கட்டுக்கும் அந்தக் கழுகுக்கும் சம்பந்தம் இருக்குண்ணே"ன்னு முடிச்சேன். கடையில இருந்த அம்புட்டுப் பேரும் கிளாசைக் கீழ வச்சுட்டுக் கேட்டாங்க. ஒரு ஊரையே திருத்திட்டோம்னு எனக்குள்ள ஒரு பெருமை. மாயன் அண்ணன் நல்லாத் தலையாட்டிட்டுக் கேட்டாரு: "அதெல்லாம் ரொம்பச் சரி மேடம். இந்த நாயைப் புடிக்க எந்த ஆபீசுல மனுக் குடுக்கணும்?"

பூனைக்கும் ஆதாரா?

கரட்டு வேலை பாதியில நிக்கிறப்போ, மதுரை கோரிப்பாளையத்துல ஒரு வாரம் வேலை பாருன்னு எங்க ஆபீசுல அனுப்பிட்டாங்க. டவுனுக்கும் பதிவேடு உண்டு. தர்காவுக்குப் பின்னாடி ஒரு சந்துல மும்தாஜ் அக்கா வீடு. "உங்க வீட்டுல என்னென்ன உயிர் இருக்குன்னு எழுதணும்"னு நான் சொன்னதுதான் தாமதம், ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை, அவங்க மாமனாரோட பழைய பாஸ்போர்ட்டு, எல்லாத்தையும் கொண்டாந்து கட்டில்ல பரப்பிட்டாங்க. "எந்த லிஸ்டுல பேரு போட்டாலும் பயமா இருக்கும்மா"ன்னாங்க. மனுஷங்க வேணாம்க்கா, செடி கொடி, பூனை, பல்லி போதும்னு சொல்லிப் புரிய வைக்க ஒரு மணி நேரமாச்சு. "பூனைக்கும் ஆதார் எடுக்கணுமா?"ன்னு கேட்டுட்டுத்தான் மாடிக்குக் கூட்டிட்டுப் போனாங்க.

மாடியில உடைஞ்ச வாளியில ஒரு நித்தியகல்யாணி. "இதை எழுதாதீங்க, நாளைக்குப் புடுங்கிருவேன். கபர்ஸ்தான்ல, அடக்கம் பண்ற எடத்துல பூக்குறது வீட்டுல இருக்கக் கூடாதுன்னு மாமியா சொல்றாங்க"ன்னாங்க. பேச்சோட பேச்சா, அவங்க மக ஆயிஷாவுக்குச் சின்ன வயசுல ரத்தப் புத்துநோய் வந்து, ரெண்டு மூணு வருஷம் வைத்தியம் பார்த்துக் குணமான கதையும் வந்துச்சு. பழைய மருத்துவச் சீட்டைக் காட்டினாங்க. வின்கிரிஸ்டின். நான் அந்த வாளிப் பக்கத்துலயே உக்காந்துட்டேன். "அக்கா, உங்க மகளுக்கு ஏத்தின மருந்துல ஒன்னு இந்தச் செடியிலேர்ந்து வந்ததுதான்"னேன்.

அடுத்த நொடியே அவங்க கேட்ட கேள்வி: "அப்போ இதை அரைச்சுக் குடுக்கலாமா?" பதறிட்டேன். கூடவே கூடாதுக்கா, இலை விஷம், மூட்டை மூட்டையா இலையைக் கொட்டி ஃபேக்டரியில பிரிச்சுத் துளித்துளியா எடுக்கிற மருந்து அது, வீட்டுல தொட்டுக்கூடப் பார்க்காதீங்கன்னு மூணு தடவை சொன்னேன். மும்தாஜ் அக்கா அந்தப் பூவையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. கீழ ஆயிஷா யாரு கூடவோ சத்தமாச் சண்டை போட்டுக்கிட்டு இருந்தது மேல வரைக்கும் கேட்டுச்சு. அக்கா வாளியைத் தள்ளி வெயில் படுற இடத்துல வச்சுட்டுச் சொன்னாங்க: "மருந்தை எல்லாம் கபர்ஸ்தான்ல பூக்க விட்டுட்டு, மனுசனைக் கொண்டுபோயி அதுக்குக் கீழ படுக்க வைக்கிறோமேம்மா."

கற்றாழையைப் பிடுங்கிட்டுக் கற்றாழை

தலைவர் ராஜாங்கம் அண்ணன் கெட்டவரு இல்ல. அதுதான் எனக்குப் பிரச்சனையே. கெட்டவரா இருந்தா திட்டிட்டுப் போயிடலாம். உசிலம்பட்டியில சிமெண்டு, கம்பிக் கடை வச்சிருக்காரு. பாதி நாள் டவுன்லதான் இருப்பாரு. ஊருக்கு நல்லது செய்யணும்னு ஒரே துடிப்பு. கரட்டை வழிச்சுட்டு அவரு போடப் போற தோட்டம் என்ன தோட்டம்னு கேளுங்க. மூலிகைத் தோட்டம்.

"அண்ணே, கரட்டுல இருக்கிறதே மூலிகைதான"ன்னேன். "அது சும்மா முள்ளும்மா. இது முறைப்படி வரிசையா வைக்கிறது. கல் பெஞ்சு, பேரு போட்ட போர்டு, எல்லாம் உண்டு"ன்னாரு. நர்சரியில சொல்லி வச்சிருந்த கன்னு லிஸ்டை வாங்கிப் பார்த்தேன். கற்றாழை, தூதுவளை, ஆடாதோடை, பிரண்டை. நாலும் கரட்டுல தானா முளைச்சுக் கெடக்கு. கற்றாழையைப் பிடுங்கி எறிஞ்சுட்டுக் கற்றாழை நடப் போறாரு மனுஷன். ஜேசிபிக்கு நாளும் குறிச்சாச்சு, மறு வாரம் திங்கக்கிழமை.

பேசிக்கிட்டே இருந்தவரு காலைத் தூக்கி ஸ்டூல் மேல வச்சாரு. பெருவிரல் வீங்கிச் செக்கச்செவேல்னு இருந்துச்சு. யூரிக் ஆசிடாம். மாத்திரையை எடுத்துப் போட்டாரு. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், கோல்சிசின். சண்டையில எதிராளி அருவாளைக் கீழ போட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு. "அண்ணே, நீங்க வழிச்சு எறியச் சொல்ற கரட்டுலதான் இந்த மாத்திரையே கொடியாப் படர்ந்து கெடக்கு. கண்வலிக்கெழங்கு. அதுலேர்ந்துதான் இந்த மருந்தையே எடுக்கிறாங்க"ன்னு போன்ல இருந்த போட்டோவைக் காட்டினேன்.

மனுஷன் அசந்து போயிட்டாரு. போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தாரு. கெழங்கு எம்புட்டு ஆழத்துல இருக்கும்னு கேட்டாரு. ஆர்வமாக் கேக்குறாரேன்னு எனக்குச் சந்தோஷம். திங்கக்கிழமை வேணாம், யோசிச்சுச் சொல்றேன்னு அவரு வாயாலயே வந்துருச்சு. ஜெயிச்சுட்டோம்னு ஸ்கூட்டியை எடுத்தேன். வாசல் வரைக்கும் நொண்டிக்கிட்டே வந்து வழியனுப்பினாரு தலைவரு: "இம்புட்டு நாளா மெடிக்கல் ஷாப்புல போயி நின்னேனேம்மா, இங்கனயே கெடந்திருக்கு."

கிளர்க்கின் போன்

நாலாவது நாள் காலையில முத்துக்குமார் கூப்பிட்டாரு. "மேடம், நீங்க சொன்ன மருந்தைத் தலைவரு மூணு நாளாச் சாப்பிட்டாரு. நேத்துலேர்ந்து வாந்தியும் பேதியும் நிக்கல, மதுரைக்குக் கொண்டு போயிட்டோம். இது மருந்து வேலை செய்யிறதா, இல்ல வேற எதுவுமா?"ன்னாரு. இட்லியைத் தட்டுலயே போட்டுட்டு மதுரைக்குக் கெளம்பிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போற வழி பூரா ஒரே நெனப்புதான். கோரிப்பாளையத்துல பதறிப் பதறி மூணு தடவை சொன்ன அந்த ஒரு வார்த்தையை இங்க ஒரு தடவையாவது சொன்னேனா? விஷம்னு சொன்னேனா? சொல்லல. வாதத்துல ஜெயிக்கிற அவசரம். அதோட, கிராமத்து ஆளுக்கு இதுகூடவா தெரியாதுன்னு ஒரு நெனப்பு. பயனை மட்டும் சொல்லிட்டு வந்தேன், என் படிவம் மாதிரியே. அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆச்சுன்னா கொன்னது நான்தான்.

உள்ள டாக்டர் கேட்டுக்கிட்டு இருந்தாரு, என்ன சாப்பிட்டாருன்னு. வீட்டு ஆளுங்க எல்லாரும் ஒரே குரல்ல, "மூலிகை." எந்த மூலிகைன்னு கேட்டா ஆளுக்கு ஒரு பேரு சொல்றாங்க. நான் மூச்சு வாங்கிக்கிட்டு உள்ள நுழையறதுக்குள்ள எனக்கு முன்னாடி ஒரு யூரியாச் சாக்கு நர்ஸ் மேசை மேல ஏறிருச்சு. செல்லத்தாயி அக்கா. கரட்டுல கெழங்கு தோண்டின குழியைப் பார்த்திருக்காங்க, தலைவருக்கு முடியலன்னும் கேட்டிருக்காங்க. ஆட்டை அடைச்சுப் போட்டுட்டு, கொடி, பூ, மிச்சம் கெடந்த கெழங்கு எல்லாத்தையும் சாக்குல அள்ளிக்கிட்டு முதல் பஸ்ல ஏறிட்டாங்க. டாக்டர் சாக்குக்குள்ள பார்த்த பிறகுதான் வைத்தியமே ஒழுங்காத் தொடங்கிச்சு. இந்த விஷத்துக்குன்னு தனி முறிவு மருந்து கைவசம் கிடையாது, ஒவ்வொன்னாப் பார்த்துப் பார்த்துத் தாங்கிப் பிடிக்கணும், ஒரு வாரம் போனாத்தான் சொல்ல முடியும்னுட்டாரு.

வராண்டாவுல நானும் அக்காவும் தரையில உக்காந்திருந்தோம். எனக்கு அழுகையா வந்துச்சு. அக்கா தண்ணி பாட்டிலை நீட்டினாங்க. குடிச்சேன். என்னைத் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். திட்டல. சாதாரணமாத்தான் கேட்டாங்க: "ஆடு திங்காதுண்டு அன்னைக்கே சொன்னேன்ல. எழுதுனியா டீச்சரு?"

தலைவர் தலையில துண்டு

பொழைச்சுக்கிட்டாரு. பத்து நாளைக்கு மேல ஆச்சு. பேச்சு வந்ததும் முதல்ல அவரு சொன்னது, "மாத்திரை அளவுதானேம்மா நறுக்குனேன்." சீட்டுல எழுதியிருந்தபடி காலையில ஒன்னு, சாயந்திரம் ஒன்னு, சாப்பாட்டுக்குப் பிறகு. வலி குறையலன்னதும் அளவைக் கொஞ்சம் பெருசாக்கியிருக்காரு. கூடவே கடை மாத்திரையையும் விடல. இம்புட்டு ஒழுங்கா விஷம் சாப்பிட்ட ஆளை அந்த ஆஸ்பத்திரி பார்த்திருக்காது. வீட்டுக்கு வந்தப்புறம் தலைமுடி கொத்துக் கொத்தாக் கொட்டிருச்சு. அந்த விஷம் அப்படித்தான், முடி திரும்ப வரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனாலும் மனுஷன் துண்டைக் கட்டிக்கிட்டேதான் கிராம சபைக்கு வந்தாரு.

பதிவேட்டைத் தூக்கிக்கிட்டு நான் கடைசி வரிசையில உக்காந்திருந்தேன். இனிமே கரடு பொழைக்காதுன்னு நெனச்சேன். விஷச் செடியை வேரோட வழிச்சு எறிங்கன்னுதான் சொல்லுவாரு, அதுக்கு நான்தான் காரணம்னு வேற ஆயிடும். தலைவரு எந்திரிச்சாரு. "அந்தக் கரட்டுப் பக்கம் எவனும் போகக் கூடாது. ஜேசிபியும் வேணாம். மண்ணைக் கிண்டி அது என்னத்தைக் கெளப்பிவிடுமோ யாருக்குத் தெரியும்? தோட்டத்தைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி போட்டுக்குவோம். ஆளும் போகக் கூடாது, ஆடும் போகக் கூடாது"ன்னாரு.

எனக்கு வந்த நிம்மதி அந்தக் கடைசி வார்த்தையில போச்சு. கரடு பொழைச்சுருச்சு, செல்லத்தாயி அக்கா பொழப்புப் போச்சே. நான் எந்திரிக்கிறதுக்குள்ள அக்கா எந்திரிச்சுட்டாங்க. கோபமெல்லாம் இல்ல, ஆட்டை அதட்டுற அதே குரல்தான்: "தலைவரே, என் ஆடு உங்களை மாதிரி இல்ல. எதைத் திங்கக் கூடாதுண்டு அதுக்குத் தெரியும்."

மொதல்ல மாயன் அண்ணன் சிரிச்சாரு பாருங்க, ஊரே சிரிச்சிருச்சு. தலைவரு துண்டைச் சரி பண்ணிக்கிட்டு, யூரியாச் சாக்கு ஞாபகம் வந்துச்சோ என்னமோ, "சரி, ஆடு போகலாம்"னு சொல்லிட்டு உக்காந்தாரு. பதிவேட்டுல எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. தலைவரு மட்டும் பக்கம் பக்கமாத் திருப்பிச் செங்காந்தள் பக்கத்துல விரலை வச்சாரு. அடியில தகவல் தந்தவர்ங்கிற இடத்துல செல்லத்தாயி பேரு இருந்தது. அது அவருக்குப் பொறுக்கல: "தின்னு பார்த்தது நானு. பேரு மட்டும் அவளுக்கா?"

கடைசியா ஆபீசு

ரெண்டு பேரு பேரையும் எழுதினேன். கிராம சபைக்கு முந்தின நாள்தான் ஸ்கேலு எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் ஓரத்துல ஒரு கோடு போட்டு, "ஆடு திங்குமா?"ன்னு தலைப்பு வச்சு அக்காவைப் பக்கத்துல உக்கார வச்சு நிரப்பி முடிச்சிருந்தேன். சாயந்திரம் முழுக்க ஆச்சு. எங்க ஆபீசுல குடுத்தப்போ மேலதிகாரி கண்ணாடியை ஏத்திவிட்டுப் பார்த்தாரு. சுறா போட்ட பதிவேடா இருந்தா கேள்வியே கேட்டிருக்க மாட்டாரு. இதைப் பார்த்துட்டுக் கேட்டாரு: "ஃபார்மட்ல இல்லாத கட்டத்தை ஏன்மா போட்டீங்க? அழிச்சுட்டுக் கொண்டு வாங்க."

இன்னும் அழிக்கல. நான் நாள் கணக்கா எழுதி எழுதியும் காப்பாத்த முடியாத கரட்டை ஒரு மனுஷன் வாந்தி எடுத்துக் காப்பாத்திக் குடுத்துட்டாரு, அதை எழுதுறதுக்கும் படிவத்துல கட்டம் இல்ல.